ஜிம்னியைத் தூக்குவதற்கு முன்: டயர், ஸ்பிரிங், கியர் - எது முதலில்?

கேள்வி இது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி ஒருவர் மாருதி சுசூகியின் சின்ன 4x4 வண்டியான ஜிம்னியில் ஐந்து கதவு, மேனுவல் கியர் வண்டி வாங்கியிருக்கிறார். வாரநாட்களில் அலுவலகம், லீவு கிடைத்தால் மலைப்பாதை, எஸ்டேட் ரோடு, ஓடைப் படுகை. 3 அங்குல லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது), 31 அங்குல டயர், முன்னும் பின்னும் லாக்கர் (ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுவது), இரும்பு பம்பர், விஞ்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிடலாமா, படிப்படியாகச் செய்வதென்றால் எதில் ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. தேவையான மீதியும் வரிசை மாறிக் கிடக்கிறது. லிஃப்டில் ஆரம்பிக்காதீர்கள், டயரில் ஆரம்பியுங்கள். எந்த டயர் என்று முடிவானால்தான் எவ்வளவு தூக்க வேண்டும் என்பது தெரியும். எவ்வளவு தூக்குகிறோம் என்று தெரிந்தால்தான் ஸ்டீயரிங்கில், பிரேக் ஹோஸில், கியரில் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட முடியும். லிஃப்ட் கிட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டயரைத் தேடுபவர்கள் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய், அதில் ஒரு உருண்டையாக, எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. நீங்கள் ஸ்பிரிங்கை நீளமாக்கினால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது, அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். 3 அங்குலம் தூக்கினாலும் 6 அங்குலம் தூக்கினாலும் அந்த 210 மாறாது. பாதை நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல் முன்பு இடித்த இடத்திலேயே இப்போதும் இடிக்கும்.

ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டும்தான். வண்டியோடு வரும் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் 733. வித்தியாசம் 40, ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் டிஃபரன்ஷியலுக்குக் கீழே கிடைக்கும் 20 மில்லிமீட்டர் என்பது கல் நிறைந்த பாதையில் இடித்து நிற்பதற்கும் உரசாமல் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? மூன்று காரணங்கள். பெரிய டயர் மேலே எழும்பும்போது ஃபெண்டரில் இடிக்காமல் இருக்க இடம் வேண்டும். சரியான ஷாக் அப்சார்பரோடு போட்டால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் கூடும், பள்ளத்தில் சக்கரம் தரையை விடாது. மூன்றாவதுதான் ஐந்து கதவு ஜிம்னிக்கு மிக முக்கியம்: வண்டியின் வயிறு. மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மில்லிமீட்டர், நம்முடையது 2,590. முன் சக்கரம் ஒரு மேட்டைத் தாண்டி இறங்கும்போது நடுவயிறு தட்டுவதை அளக்கும் பிரேக்ஓவர் கோணம் நமக்கு 24 டிகிரிதான். முன்பக்க அப்ரோச் கோணம் 36 டிகிரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வண்டி மாட்டுவதெல்லாம் பெரும்பாலும் நடுவில்தான். 40 மில்லிமீட்டர் லிஃப்ட், அதோடு மேலே சொன்ன டயர் 20 மில்லிமீட்டர், ஆக வயிறு 60 மில்லிமீட்டர் உயர்ந்தால் அந்த 24 டிகிரி தோராயமாக 28, 29-க்கு வந்துவிடும். இது பாதையில் கண்கூடாகத் தெரியும் முன்னேற்றம். அதனால் நான் லிஃப்டுக்கு எதிரியில்லை. 3 அங்குலத்துக்குத்தான் எதிரி.

முதலில் டயர். உங்கள் உபயோகத்துக்கு 215/75 அல்லது 235/75, தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை போதும். 215/75 லிஃப்ட் இல்லாமலே உட்காரும். 235/75-க்கு லிஃப்டோடு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது எங்கே உரசுகிறது என்று பார்த்து உள் லைனரைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கலாம். சேற்றுக்கான மட் டெரெய்ன் வாங்கி அவிநாசி ரோட்டில் தினமும் ஓட்டாதீர்கள். சத்தம், ஈரத்தில் பிரேக் தூரம், தேய்மானம் மூன்றும் உங்களைத் தண்டிக்கும்.

டயரோடு ஒரு நல்ல பிரஷர் கேஜும் சின்ன காற்று கம்ப்ரெஸரும் வாங்குங்கள். கல் பாதையில் 18 பி.எஸ்.ஐ. வரை, மணலில் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து தரையைப் பிடிக்கும், கல்லின் மேல் மடங்கி ஏறும். சஸ்பென்ஷனுக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இந்த வேலை, பாதையில் கொடுக்கும் பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிவிட வேண்டும். இறங்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிப் பிய்ந்துபோகும்.

31 அங்குலம் ஏன் வேண்டாம்? அதன் விட்டம் 787 மில்லிமீட்டர். கம்பெனி டயரைவிட 13 சதவீதத்துக்கு மேல் பெரியது. அந்த 13 சதவீதம் எல்லா கியரிலிருந்தும் கழியும். 1,462 சிசி, 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள எஞ்சினுக்கு அது பெரிய சுமை. ஐந்தாவது கியர் சமதளத்தில் மட்டும்தான் உதவும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கையை எடுக்க முடியாது. டயரின் எடை கூடுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். முன் ஆக்ஸிலில், திரும்பிய சக்கரத்துக்கும் சக்தியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டும், சக்கரம் இடவலமாகத் திரும்பும் கிங்பின் பேரிங்கும் அந்த அளவு டயரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையல்ல. பாடியை வெட்ட வேண்டியும் வரும். ஜிம்னியின் மிகப் பெரிய பலம் அது வெறும் 1,200 கிலோ எடைதான் என்பது, அந்த லேசான எடையைத் தொலைக்கும் எந்த மாற்றமும் எனக்குச் சம்மதமில்லை.

இனி லிஃப்ட். 40 மில்லிமீட்டர், அதிகபட்சம் 50. நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்கும் ஒரே கிட்டாக, ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைத்ததாக இருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்குக்கு மேல் பாலியூரித்தேன் வளையம் வைத்துத் தூக்கும் ஸ்பேசர் முறை மலிவு. ஆனால் ஷாக் பழைய நீளம்தான். வண்டி உயர்ந்த அளவுக்கு ஷாக் ஏற்கெனவே நீண்டுவிடும், சக்கரம் கீழே தொங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு "டக்" என்று ஒரு சத்தம் வந்தால், அது இதுதான். உயரமாகத் தெரியும், ஆனால் பள்ளத்தில் கம்பெனி வண்டியைவிட மோசமாகப் போகும்.

ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு பாரத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். வண்டியில் நிரந்தரமாக இருக்கும் கூடுதல் பாரத்தைக் கணக்கிட்டு லைட், மீடியம், ஹெவி என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். வருங்காலத்தில் பம்பர் போடுவேன், விஞ்ச் போடுவேன் என்று இன்றைக்கே ஹெவி ஸ்பிரிங் போட்டால் காலி வண்டி சொன்னதைவிட உயரமாக நிற்கும், ஒவ்வொரு குழியிலும் முதுகைப் பதம் பார்க்கும். இன்றைக்கு இருக்கும் எடைக்கு இன்றைக்கு வாங்குங்கள்.

லிஃப்ட் போட்டதும் மாறும் முதல் விஷயம் காஸ்டர் கோணம். இதைப் பல ஒர்க்‌ஷாப்கள் பேசுவதே இல்லை, ஆனால் இதுதான் உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பது, கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போக உதவுகிறது. காரில் அதே வேலையைச் செய்வது காஸ்டர். ஜிம்னியின் முன் ஆக்ஸிலை இரண்டு நீளமான ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. சேஸிஸ் மேலே போகும்போது அந்த ஆர்ம்கள் சாய்கின்றன, அவற்றோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும் ஆக்ஸிலும் சில டிகிரி சுழல்கிறது. காஸ்டர் குறைகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. 80-க்கு மேல் வண்டி அலைபாயும். ரோட்டில் ஒரு மேடு தட்டினால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும், அந்த ஷிம்மி ஜிம்னிக்குப் பழக்கமான நோய்.

மருந்து, மையம் விலகிய காஸ்டர் புஷ் அல்லது கோணம் திருத்திய ஆர்ம். 40 மில்லிமீட்டருக்குப் புஷ்ஷே போதும். அதைப் போடாமல் "பெரிய ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக்) போட்டால் நின்றுவிடும் சார்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தைச் சரிசெய்யாது. அந்த மறைவுக்குப் பின்னால் கிங்பின் பேரிங்கும் பேன்ஹார்ட் புஷ்ஷும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது அந்தப் பேன்ஹார்ட் ராடு. ஆக்ஸில் இடவலமாக நகராமல் பிடித்துவைப்பது அது. ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்ஸிலில். சேஸிஸ் உயர்ந்தால் ராடு சாயும், ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நகரலாம். பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் டயர் ஃபெண்டரிலிருந்து கூடுதலாக வெளியே தெரியும். நீளத்தை மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு போட்டு மையத்துக்குக் கொண்டுவரலாம். முன்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை: பேன்ஹார்ட் ராடும், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் என்ற தண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிராக்கெட் போட்டு இறக்கினால், குழியில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

மற்றவை சின்னவை. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடாத நீளம் இருக்க வேண்டும். ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடுவதால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரலாம், 40 மில்லிமீட்டரில் பெரும்பாலும் வராது. ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் செட் செய்யுங்கள், எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்.

மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கும் நண்பர் 2 அங்குலம் தூக்கியதாகச் சொல்லி உங்களுக்கு யோசனை சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், இரட்டை விஷ்போன். அங்கே தூக்கினால் டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் கோணம் கூடும், பூட் கிழியும். அந்தத் தொல்லை நமக்கில்லை. நம்முடைய தொல்லை காஸ்டர், அது அவர்களுக்கு வேறு விதமாகச் சரியாகும். அதேபோல் பழைய ஜிப்ஸிக்காரர்கள் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி ஒரே நாளில் நான்கைந்து அங்குலம் ஏற்றிய கதைகளும் நம் காயில் ஸ்பிரிங் வண்டிக்குப் பொருந்தாது.

இப்போது கியர். மேனுவல் ஜிம்னியின் முதல் கியர் 4.425, கடினமான பாதையில் மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் 2.002, ஆக்ஸில் விகிதம் 4.090. மூன்றையும் பெருக்கினால் 36. எஞ்சின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதை வைத்து ஒரு கணக்கு: 134 நியூட்டன் மீட்டரை 36-ஆல் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுத்தால், இழப்பெல்லாம் போகவும் வண்டியின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான இழுவிசை வருகிறது. தரை பிடித்துக்கொடுத்தால் இந்த எஞ்சின் இந்த வண்டியை எந்த ஏற்றத்திலும் ஏற்றும். "பவர் பத்தவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஹை ரேஞ்சில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த 134 கிடைப்பது 4,000 ஆர்.பி.எம்-இல். கல் பாதையில் நமக்கு வேண்டியது நடக்கும் வேகம். 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில், லோ ரேஞ்ச் முதல் கியரில், கம்பெனி டயரோடு வண்டி மணிக்கு 2.9 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அந்தச் சுற்றில் எஞ்சினுக்கு மூச்சு குறைவு. பெரிய கல்லில் எஞ்சின் திணறும், கால் தானாக கிளட்சுக்குப் போகும், பாதி கிளட்சில் ஏறப் பழகிவிடுவோம். கிளட்ச் பிளேட் எரிந்த வாசனை வருவது இப்படித்தான். ஜீப் ராங்லர் ரூபிகானின் ஆட்டோமேட்டிக் வண்டியில் இதே பெருக்கல் 77 வருகிறது, அதனால்தான் அது கிளட்ச் இல்லாத நிதானத்தோடு ஊர்கிறது.

சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே லோ ரேஞ்சைக் குறைக்கும் கியர் செட்டுகள் ஜிம்னிக்குக் கிடைக்கின்றன, ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் நிறையப் பேர் போடுகிறார்கள். கல் ஏறுவதே உங்கள் பொழுதுபோக்கு என்றால், மேனுவல் வண்டிக்கு டிரைவ் டிரெயினில் செய்யத்தகுந்த முதல் மாற்றம் அதுதான், லாக்கருக்கும் முன்னால். ஆனால் 235/75 டயருக்காக மட்டும் அதைத் தொட வேண்டாம். அந்த டயரால் கியர் உயர்வது 6 சதவீதத்துக்கும் குறைவு, ஹைவேயில் ஒரு கியர் குறைத்தால் முடிந்தது. ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

லாக்கர் விஷயத்தில் என் கருத்து இது. ஜிம்னியில் பிரேக் எல்.எஸ்.டி. இருக்கிறது. ஒரு சக்கரம் காற்றில் சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடித்து, சக்தியைத் தரையில் இருக்கும் சக்கரத்துக்கு அனுப்பும். இதைப் பயன்படுத்தத் தெரியாமலே பலர் லாக்கருக்குப் போகிறார்கள். சக்கரம் சுற்றியதும் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவோம், அது வேலை செய்ய நேரமே கொடுப்பதில்லை. லோ ரேஞ்சில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் அசையாமல் பிடித்து ஓரிரு நொடி காத்திருங்கள். "கிர்ர்ர்" என்று பிரேக் சத்தம் கேட்கும், வண்டி மெல்ல எழும்பி முன்னே போகும். இதன் குறை, சக்கரம் முதலில் சுற்றிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். தளர்வான கல்லிலும் சேற்றிலும் அந்த முதல் சுற்று குழி தோண்டிவிடும். அந்த மாதிரிப் பாதைகளுக்கு அடிக்கடி போகிறீர்கள் என்றால் பின் ஆக்ஸிலுக்கு மட்டும், சுவிட்சில் போட்டு எடுக்கும் லாக்கர் நல்லது. சரிவில் பக்கவாட்டில் போகும்போது அதை அணைத்துவிடுங்கள், இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் வால் கீழே இறங்கும்.

முன் லாக்கர் வேண்டாம். ஸ்டீயரிங்கை ஒடித்த நிலையில் முன் ஆக்ஸில் பூட்டியிருக்க, பெரிய டயர் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியிருக்க, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் உடைவது முன் சி.வி. ஜாயின்ட். அதை மலைமேல் வைத்து மாற்றுவதற்குக் கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் முன் லாக்கர்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளை ஒரு தடவை நின்று பாருங்கள். பழைய மஹிந்திரா, லீஃப் ஸ்பிரிங். டிரைவர் அண்ணன்கள் விடியற்காலை இருட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கல் பாதையில் ஏறுவார்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்பது அவர்களுக்குக் கையில் இருக்கிறது, வண்டி ஓரிடத்திலும் குதிக்காது.

எடையைப் பற்றிச் சொன்னேனே, அதற்கும் கணக்கு இருக்கிறது. வண்டி எடை ஏறக்குறைய 1,200 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. நடுவில் இருப்பது சுமார் 345 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறினால் 280 போய்விட்டது. மீதி 65 கிலோவில் இரும்பு பம்பரும் விஞ்சும் வைத்தால் ஒரு பைகூட வைக்க இடமில்லை. அதனால் பம்பர், விஞ்ச் இரண்டையும் விட்டுவிட்டு, சேஸிஸில் நேரடியாகப் பொருந்தும் தரமான ரிகவரி பாயிண்ட் (கயிறு மாட்டும் கொக்கி), ஒரு கைனெடிக் ரோப் (நீண்டு இழுக்கும் கயிறு), இரண்டு ஷாக்கிள் (கயிற்றை இணைக்கும் வளையம்) வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு வண்டி இல்லாமல் கடினமான பாதைக்குப் போகாதீர்கள். விஞ்சைவிட அது நம்பகமானது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கண்டிப்பாக விளக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் போடும் புல் பார், கிராஷ் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பெனி வாரண்டியும் சஸ்பென்ஷன் பாகங்களுக்குக் கேள்விக்குறியாகும். வேலைக்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுத்தால் பாதிக்கப்படுவது உங்கள் குடும்பம். நான் 40 மில்லிமீட்டரோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அளவு சின்னது என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

வேலை நடக்கும் நாளில் கூடவே இருங்கள். ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி பட்டறைத் தூக்கியில் தொங்கக்கூடாது, நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு ஒரு முன் சக்கரத்தை மேடையில் ஏற்றி, எதிர்ப் பக்கச் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். டயர் எங்காவது உரசுகிறதா, ஹோஸ் விறைக்கிறதா, ஏ.பி.எஸ். வயர் இழுபடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் கழன்றிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அது கழன்றிருந்தால், சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், எண்ணெய் வெளுத்துப் பால் நிறமாகும். அலைன்மெண்ட் ஷீட்டில் காஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், டோ (சக்கரங்கள் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். வேலைக்கு முன் எடுத்த ஷீட்டும் உங்களிடம் இருந்தால் ஒப்பிட முடியும், அதனால் இந்த வாரமே, எதையும் தொடுவதற்கு முன்னால், ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.